அறுபத்தோராவது பிள்ளை: ஈராசிரியர் பள்ளிக்கு மூன்றாவது ஆள் யார்?

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்கள் ஜூன், ஜூலை மாதங்களில் வீடு வீடாக ஏறி இறங்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். சேர்க்கை உயர வேண்டும் என்பது வெளியே சொல்லும் காரணம். உள்ளே இருக்கும் காரணம் ஆகஸ்ட் 1. அன்றைக்குப் பதிவேட்டில் எத்தனை பெயர் இருக்கிறதோ அதை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம் நடக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. ஆக, 60க்கும் 61க்கும் நடுவே ஒரு முழுப் பணியிடம் இருக்கிறது. ஒரு குடும்பம் பிழைப்புக்குத் திருப்பூர் போய், அண்ணனும் தங்கையும் டி.சி. வாங்கிவிட்டால் போதும், மூன்றாவது ஆசிரியர் உபரி ஆகிவிடுவார். அடுத்த பணி நிரவலில் அவருக்கு வேறு பள்ளி.

அந்தக் கோட்டுக்குக் கீழே, 40க்கும் 60க்கும் இடையில் நிற்கும் பள்ளிகளைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களும், ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைக்கும் முன்னாள் மாணவர்களும், சில ஊராட்சித் தலைவர்களும் கடைசியில் வந்து சேரும் கேள்வி ஒன்றுதான். இன்னொரு ஆள் வேண்டும், சரி. யாரை எடுப்பது, எந்தப் பணத்தில், எந்த வேலைக்கு?

55 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் என்றால் விகிதம் 27.5. சட்டம் கேட்கும் 30ஐ விட நல்ல நிலை. மாநில அளவில் பார்த்தாலும் மாணவர்–ஆசிரியர் விகிதத்தில் தமிழ்நாட்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீட்டுக்கே போய்ச் சோதிக்கும் ஏசர் (ASER) ஆய்வில், 2022இல், தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. பெருந்தொற்றுக்கு முன்பே, 2018இல், அது பத்துப் பேர் அளவில்தான் இருந்தது. இதற்குக் காரணங்கள் பல. ஈராசிரியர் பள்ளியில் முதல் காரணம் விகிதத்திலேயே ஒளிந்திருக்கிறது: அது தலைகளைத்தான் எண்ணுகிறது. ஐந்து வகுப்பு, ஐந்து பாடநூல் வரிசை, இரண்டு வாய் என்பது அந்த எண்ணில் தெரியாது.

நிமிடத்தில் கணக்குப் போட்டால் தெரியும். கற்பிக்க ஒரு நாளில் 300 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆசிரியருக்கும் சேர்த்து 600 நிமிடம். ஐந்து வகுப்புக்குப் பங்கிட்டால் வகுப்புக்கு 120. மூன்றாவது ஆள் வந்தால் 180. ஒருவர் பயிற்சிக்கோ மருத்துவ விடுப்பிலோ போன நாளில் 60. வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்து இதைக் கொஞ்சம் சமாளிக்கலாம். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அதைத்தான் செய்தது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை வயதைப் பாராமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது. நல்ல யோசனை. ஆனாலும் மூன்று நிலைக்கும் முன்னால் நிற்பவர் ஒரே ஆசிரியர்தான்.

அந்த 60 நிமிட நாள் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தலைமையாசிரியர் வட்டார வள மையத்தில் பயிற்சியில் இருப்பார். பள்ளியில் உதவி ஆசிரியை மட்டும். காலை வருகைப் பதிவைக் கைப்பேசியில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்கும் இடம் வேப்பமரத்தடி. சத்துணவு அமைப்பாளர் முட்டைக் கணக்கில் கையெழுத்துக் கேட்டு வந்து நிற்பார். சீருடை அளவுப் பட்டியலை மதியத்துக்குள் அனுப்பச் சொல்லி வாட்ஸ்ஆப்பில் செய்தி வந்திருக்கும். ஐந்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தி பிரம்பு இல்லாத டீச்சராகி, இரண்டாம் வகுப்புக்கு ‘அ’னா ‘ஆ’வன்னா சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் படிப்பு அன்றைக்கு அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பு, கரும்பலகையில் எழுதிப் போட்டதை இரண்டாவது முறையாகப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். இதில் ஆசிரியையைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது.

இரண்டாவது ஆள் வந்த கதையே மூன்றாவது ஆளுக்குப் பாடம். 1987இல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டம் கொண்டுவந்து, நாடு முழுவதும் இருந்த ஓராசிரியர் பள்ளிகளுக்கு இன்னொரு ஆசிரியர் சம்பளத்தைக் கொடுத்தது. பின்னாளில் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, அந்தப் பணத்தில் எடுக்கப்பட்ட ஆசிரியர்களில் கால் பங்கு முதல் பாதி வரையில்தான் உரிய பள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். மற்றவர்கள் பெரிய பள்ளிகளுக்கும் பஸ் வசதியுள்ள ஊர்களுக்கும் ஒதுங்கியிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. ஆனாலும், போய்ச் சேர்ந்த அந்தக் குறைந்த பங்கினாலேயே பெண் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் தொடக்கக் கல்வியை முடிப்பது கூடியது. ஓர் ஆளை எத்தனை பேருக்காகப் போடுகிறோம் என்பதை விட, எந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பது பெரிய விஷயம்.

இனி வழிகளுக்கு வருவோம்.

எல்லோரும் முதலில் கேட்பது நிரந்தர ஆசிரியரை. தொடக்க வகுப்புகளுக்கு எடுக்கப்படும் இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படி ஐம்பது சதவீதத்தைத் தாண்டிய பிறகு, வீட்டு வாடகைப் படியைச் சேர்க்காமலே மாதம் 30,900க்கு மேல். ஆண்டுக்கு 3,70,800. 55 பிள்ளைகளுக்குப் பிரித்தால் தலைக்குச் சுமார் 6,740 ரூபாய். பணிக்காலம் ஏற ஏற இது இரண்டு மடங்குக்கும் மேலாகும். பயிற்சி பெற்றவர், நிலையானவர், ஊரில் யாருக்கும் பணிந்துபோகத் தேவையில்லாதவர். இதை விடச் சிறந்தது வேறில்லை என்பேன், கிடைத்தால். கிடைக்காது என்பதுதான் சிக்கல். 61 வராத பள்ளிக்கு அரசாணை இடம் தராது. இடம் இருக்கும் பள்ளிகளிலேயே காலியிடம் நிரம்ப ஆண்டுக்கணக்கில் ஆகிறது. பத்தாண்டு போல இடைவெளி விட்டு, இடைநிலை ஆசிரியர் நேரடி நியமனத்துக்கு 2024இல்தான் தேர்வு நடந்தது.

இன்னொன்றும் உண்டு. ஆசிரியர் எண்ணிக்கையை அவசரத்தில் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் இரண்டு மாநிலங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். டென்னசியில் 1985 முதல் நான்கு ஆண்டுகள், 79 பள்ளிகளில், தொடக்க வகுப்புப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து 13 முதல் 17 பேர் கொண்ட சிறு வகுப்பிலும் 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்பிலும் போட்டார்கள். சிறு வகுப்புப் பிள்ளைகள் தெளிவாக முந்தினார்கள், ஏழைப் பிள்ளைகள் இன்னும் கூடுதலாக. அதைக் கண்டு கலிஃபோர்னியா 1996இல் மாநிலம் முழுக்க வகுப்பளவை 20 ஆகக் குறைத்தது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தேவைப்பட்டதால், முழுத் தகுதி இல்லாதவர்கள் உள்ளே வந்தார்கள். அனுபவசாலிகள் ஏழைப் பகுதிப் பள்ளிகளை விட்டு வசதியான பகுதிகளின் புதுக் காலியிடங்களுக்கு நகர்ந்தார்கள். டென்னசியில் கிடைத்த பலன் அங்கே அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. நம் ஊரில் மாறுதல் கலந்தாய்வைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது.

இரண்டாவது வழி, தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர். 2022 ஜூலையில் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக நிரப்ப அரசு அனுமதித்தபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்று நிர்ணயித்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாள் கூலி 281 ரூபாய். 26 நாள் போனால் 7,306. ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்தவருக்கு நாம் போட்ட விலை அதை விட 194 ரூபாய் அதிகம். பிறகு ஊதியத்தை உயர்த்தினார்கள். உயர்த்தாமல் இருக்க முடியாது.

ஆனால் வெறும் மனசாட்சியை வைத்து இந்த வழியை ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் சான்றுகள் இதன் பக்கம் கொஞ்சம் சாய்கின்றன. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் குலுக்கலில் தேர்ந்தெடுத்த 100 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு கூடுதல் ஒப்பந்த ஆசிரியரைக் கொடுத்தார்கள். நிரந்தர ஆசிரியர் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் ஊதியம். இரண்டு ஆண்டு முடிவில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மற்றப் பள்ளிகளை முந்தியிருந்தார்கள். ஒப்பந்த ஆசிரியர் வராத நாள்களும் குறைவு. உள்ளூர்க்காரர் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

கென்யாவில் நடந்தது இதை விட யோசிக்க வைக்கிறது. மேற்குக் கென்யாவில் 140 பள்ளிகளில் முதல் வகுப்புக்கு ஓர் ஒப்பந்த ஆசிரியரைச் சேர்த்து, எண்பது பேர் நெருக்கியடித்த வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். ஒப்பந்த ஆசிரியரிடம் போன பிள்ளைகள் முன்னேறினார்கள். நிரந்தர ஆசிரியரிடம் இருந்த பாதிக்கு, வகுப்பு பாதியாகக் குறைந்தும் சொல்லத்தக்க பலன் இல்லை. கூடுதல் ஆள் வந்ததும் அந்த ஆசிரியர்கள் வகுப்புக்கு வருவது குறைந்துவிட்டது. பிறகு இதே ஏற்பாட்டை நாடு முழுக்க விரித்தபோது, தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில் பலன் இருந்தது, அரசு நேரடியாக நடத்திய பள்ளிகளில் ஒன்றுமே இல்லை. ஆள் அதே ஆள், ஊதியம் அதே ஊதியம். சம்பளம் எப்போது வரும், யார் வந்து பார்ப்பார்கள் என்பதில்தான் வேறுபாடு.

தற்காலிகத்தின் இன்னொரு முகத்தை நாம் வெளிநாடு போய்ப் பார்க்க வேண்டியதில்லை. 2012இல் ஓவியம், உடற்கல்வி, கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்கள். பத்தாண்டு கடந்தும் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்த போராட்டங்கள் எத்தனை! வாரத்தில் மூன்று அரை நாள் வேலை என்று சொல்லி எடுத்த ஆளின் வாழ்க்கை முழுதும் அந்த மூன்று அரை நாளில் மாட்டிக்கொள்கிறது. ஊர்ப் பணத்தில் ஆள் எடுக்கும் குழுக்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். நிரந்தரம் தரும் அதிகாரம் இல்லாதவர்கள் நிரந்தரம் வரும் என்று கண்ணைக் காட்டக்கூடாது.

மூன்றாவது வழி, முழு ஆசிரியராக இல்லாத ஒரு துணை ஆள். தன்னார்வலர், உதவியாளர், எந்தப் பெயரானாலும் சரி. சான்றுகள் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றுவதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

டென்னசி ஆய்வில் மூன்றாவதாக ஒரு பிரிவு இருந்தது: வழக்கமான அளவு வகுப்பு, கூடவே முழுநேர உதவியாளர். அதில் சொல்லும்படியான பலன் இல்லை. ஆசிரியருக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருந்தார், அவ்வளவுதான். தமிழ்நாட்டிலோ 320 அங்கன்வாடி மையங்களை வைத்து நடந்த ஆய்வில், அரை நாள் வேலைக்கு ஓர் ஆளைக் கூடுதலாகப் போட்டதும் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் பிள்ளைகளின் கணக்கும் மொழியும் நன்கு கூடின, ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. கூடுதல் ஆள் முன்பருவக் கல்வியைத் தனியாக எடுத்துக்கொண்டதால், பழைய பணியாளருக்கு எடை பார்க்கவும் தாய்மாரைச் சந்திக்கவும் பதிவேடு எழுதவும் நேரம் கிடைத்தது.

மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் நடந்த பால்சகி திட்டமும் இப்படித்தான். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த உள்ளூர் இளம் பெண்கள், மாதம் 500 முதல் 750 ரூபாய் ஊதியத்தில், மூன்றாம் நான்காம் வகுப்பில் பின்தங்கிய 15, 20 பேரைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துக்கொண்டு எழுத்தும் எண்ணும் கற்றுக்கொடுத்தார்கள். பலன் முழுக்க அப்படி வெளியே போன பிள்ளைகளுக்கே. வகுப்பில் மிச்சமிருந்தவர்களுக்குக் கூட்டம் குறைந்ததால் ஏதும் கூடவில்லை.

மூன்றையும் சேர்த்து வைத்தால் முரண்பாடு கரைந்துவிடுகிறது. துணை ஆளுக்கு இன்ன பிள்ளைகள், இன்ன நேரம், இன்ன பாடம் என்று பிரித்துக் கொடுத்த இடத்தில் பலன் வந்திருக்கிறது. ‘டீச்சருக்கு ஒத்தாசையாக இரும்மா’ என்று விட்ட இடத்தில் வரவில்லை. ஒத்தாசைக்கு வந்தவர் ஒரு வாரத்தில் முட்டை எண்ணவும் நோட்டில் கோடு போடவும் போய்விடுவார்.

பெருந்தொற்றில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை இதே வரிசையில் வைக்கலாம். 2021 அக்டோபரில் தொடங்கியபோது தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். மாலையில் ஒன்றரை மணி நேரம் போல. தனக்கென்று ஒரு சிறு கூட்டம். கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, பள்ளிகள் மூடியிருந்தபோது இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை ஆறு மாதத்தில் பிள்ளைகள் மீட்டார்கள் என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கண்டது. இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர் என்றால் தலைக்கு ஆண்டுக்கு 600 ரூபாய். இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தந்த கல்விச் செலவு நான் அறிந்து வேறில்லை. ஆனால் அதே தன்னார்வலரை அதே 1,000 ரூபாய்க்குப் பகலிலும் பள்ளியில் உட்காரவைக்கும் ஆசை பல இடங்களில் எழுகிறது. அது கூடாது. மாலை ஒன்றரை மணி நேரம் என்பது ஒருவர் மனமுவந்து தருவது. காலை ஒன்பதரை முதல் ஒரு மணி வரை என்றால் அது வேலை.

பள்ளிகளை இணைப்பது நான்காவது வழி. பணக் கணக்கு மட்டும் பார்த்தால் இதற்கு எதிரே எதுவும் நிற்காது. இரண்டு ஆசிரியரின் தொடக்கச் சம்பளமே ஆண்டுக்கு 7,41,600 ரூபாய். 55 பிள்ளைகள் என்றால் தலைக்கு 13,500 போல. 20 பேர் என்றால் 37,000. 10 பேர் என்றால் 74,000. பத்துப் பிள்ளைகளுக்கு ஐந்து வகுப்பு நடத்துவதில் படிப்பும் சுகமாக இருக்காது; சேர்ந்து விளையாடக்கூட ஆள் இருக்காது. ஆனால் காமராஜர் காலத்தில் ஊர்தோறும் பள்ளி வந்ததன் காரணம் இன்னும் தீர்ந்துவிடவில்லை. ஆறு வயதுப் பிள்ளை தானாக நடந்துபோகும் தூரம் ஒரு கிலோமீட்டர். கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. நடுவில் நெடுஞ்சாலையோ வாய்க்காலோ இருந்தால் அரைக் கிலோமீட்டரும் தூரம்தான். அடுத்த ஊர் என்பது சில இடங்களில் அடுத்த சாதித் தெரு என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. அங்கே இணைப்பு உத்தரவு போட்டால் சில பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், சிலர் தனியார் பள்ளி வேனில் ஏறிவிடுவார்கள். ராஜஸ்தான் 2014இல் ஆயிரக்கணக்கான பள்ளிகளை ஒரே வீச்சில் இணைத்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் ஒரு பகுதியைத் திரும்பப் பிரிக்க வேண்டியதாயிற்று. பதினைந்து பேருக்குக் கீழே போன பள்ளிக்கு, ஊர் ஒப்பி, வண்டியும் உறுதியானால் இணைக்கலாம். 55 பேர் படிக்கும் பள்ளிக்கு இந்தப் பேச்சே தேவையில்லை.

சம்பளத்தை உயர்த்தினால் இருப்பவர்களே இன்னும் நன்றாகக் கற்பிப்பார்கள் என்று வாதிடுவோர் உண்டு. இந்தோனேசியா ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கிப் பார்த்தது. ஆசிரியர்களின் கடன் சுமை குறைந்தது, பிள்ளைகளின் மதிப்பெண் அசையவில்லை. நல்ல சம்பளம் நியாயமானது. அதை வேறு காரணத்துக்காகத் தர வேண்டும்.

யாரும் பேசாத ஐந்தாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது: எழுத்தர். தொடக்கப் பள்ளிக்கு எழுத்தர் கிடையாது. எமிஸ் (EMIS) என்னும் இணையப் பதிவேட்டில் பள்ளி விவரங்களை ஏற்றுவது, ஆதார் திருத்தம், வங்கிக் கணக்கு, விலையில்லாப் பொருள்களின் கணக்கு எல்லாம் ஆசிரியர் தலையில். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி தவிர வேறு வெளிவேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. பள்ளிக்குள்ளேயே குவியும் எழுத்து வேலையைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. ஆசிரியர் இருவருக்கும் தினமும் முக்கால் மணி நேரம் இதில் போனால், நம் 600 நிமிடம் 510 ஆகிவிடும். ஐந்து பள்ளிக்கு ஓர் எழுத்தர், வாரத்தில் பள்ளிக்கு ஒரு நாள் என்று மாதம் 15,000 ஊதியத்தில் போட்டால், ஒரு பள்ளியின் பங்கு மாதம் 3,000 ரூபாய்தான். மீட்கப்படும் நிமிடங்கள் பயிற்சி பெற்ற ஆசிரியரின் நிமிடங்கள் என்பதை மறக்கக்கூடாது. ஆனால் இதற்கு ஐந்து பள்ளிகள் ஒத்துப்போக வேண்டும், வட்டாரக் கல்வி அலுவலர் தலையசைக்க வேண்டும். ஒரு ஊர் தனியாகச் செய்யக்கூடியது அல்ல.

ஆகவே, இரண்டு பணியிடமும் நிரம்பிய, 40 முதல் 60 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு என் தேர்வு மூன்றாவது வழிதான், ஆனால் கூலி குறையாமல். உள்ளூரில் பன்னிரண்டாவது முடித்த, முடிந்தால் ஆசிரியர் பயிற்சி பெற்ற ஒரு பெண். காலை நேரம் மட்டும். மாதம் 8,000. பத்து மாதத்துக்கு 80,000. 55 பிள்ளைகள் என்றால் தலைக்குச் சுமார் 1,450 ரூபாய். நிரந்தர ஆசிரியருக்கு ஆகும் செலவில் கால் பங்குகூட இல்லை. காலை உணவுத் திட்டத்தில் அதே பள்ளியில் தன் பிள்ளை படிக்கும் மகளிர் குழுப் பெண்களையே சமையலுக்கு எடுத்தார்கள். ஆள் தேடும்போது அந்தத் தகுதியைக் கடன் வாங்கலாம். பணியிடம் காலியாகக் கிடக்கும் பள்ளி என்றால் பேச்சே வேறு: முதலில் தற்காலிக ஆசிரியரைக் கேட்டு வாங்க வேண்டும், துணை ஆளை வைத்து அந்த ஓட்டையை அடைக்கக் கூடாது. அடைத்தால் அந்த இடம் காலியாகவே இருந்துவிடும். 58, 59 என்று நிற்கும் பள்ளி இரண்டு வீடு கூடுதலாக ஏறி இறங்கட்டும். அந்த அலைச்சலுக்குப் பலன் ஒரு முழு ஆசிரியர்.

ஆளை எடுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தில் எழுத வேண்டியவை கொஞ்சம். எடுக்கப்படுபவரின் பொறுப்பில் வரும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் தீர்மானத்தோடே இருக்க வேண்டும்: ஜூலையில் தலைமையாசிரியர் எல்லோரையும் ஒரே பத்தியை வாசிக்கச் சொல்லி, வாசிக்க முடியாதவர்களின் பெயரை எழுதிக்கொள்ளட்டும். பதினைந்து முதல் இருபது பேர் வரும். அவர்களுக்குத் தனி இடம் வேண்டும். வராந்தாவானாலும் சரி, அதே அறையின் பின்வரிசை வேண்டாம். முட்டை, சீருடை, கைப்பேசிப் பதிவு எதுவும் அவர் வேலை அல்ல என்று ஒரு வரி. டிசம்பரில் அதே பிள்ளைகள், அதே பத்தி. முடிவைக் குழுக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் எண்ணிக்கையாக வைக்கலாம். பாதிப் பேராவது தேறவில்லை என்றால் ஆளை மாற்றுவதற்கு முன், அவர் எத்தனை நாள் அந்தப் பிள்ளைகளோடு இருக்க விடப்பட்டார் என்று பாருங்கள். பத்து மாதச் சம்பளம் முழுதும் குழுவின் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த பிறகே ஆளை எடுக்க வேண்டும். நன்கொடை வாக்குறுதியை நம்பி ஜூலையில் சேர்த்துவிட்டு அக்டோபரில் கைவிரித்த ஊர்களில், அடுத்த ஆண்டு கேட்டால் யாரும் வருவதில்லை.